கேட்டவருக்குச் சேராத காதலர்

1787ஆம் ஆண்டு இத்தாலிக்கு வந்திருந்த கர்னல் ஜான் கேம்ப்பெல் என்ற பிரிட்டிஷ் நிலப்பிரபு, முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சிற்பியிடம் சலவைக்கல்லில் காதலர் சிலை ஒன்று செய்து தரச் சொன்னார். சிற்பியின் பெயர் அந்தோனியோ கனோவா. வேலை முடிய 1793 ஆயிற்று. மனிதக் கை கல்லில் செய்த மிக அழகான பொருட்களில் ஒன்றாக அது முடிந்தது. ஆனால் கேம்ப்பெலின் வீட்டுக்கு அது ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில், கியூபிட்டின் முத்தத்தால் உயிர்பெறும் சைக்கி என்ற பெயரோடு இருப்பது அந்தச் சிலைதான். உயரம் 1.55 மீட்டர், அகலம் 1.68 மீட்டர். ஐரோப்பியச் சிற்பிகள் பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களின் பக்கம் திரும்பிய நியோகிளாசிக்கல் காலத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் அச்சேறும் படம் இதுவே. ஆனால் படத்தில் தெரிவது சிலையில் பாதிகூட இல்லை. மீதியை அறிய அது எங்கிருந்து கிளம்பியது, எத்தனை கை மாறியது, எத்தனை உடல் எடுத்தது என்பதையெல்லாம் பின்தொடர வேண்டும்.

கனோவா கல்தச்சர் வீட்டுப் பிள்ளை. வெனிஸ் குடியரசின் ஆட்சியிலிருந்த பொசாஞ்ஞோ என்ற மலையடிவார ஊரில் 1757இல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டு சென்றுவிட, பேரனை வளர்த்தவர் தாத்தா பசினோ. அவரும் கல்வேலைக்காரர். உளி பிடிக்கும் பழக்கம் கனோவாவுக்கு எழுத்துப் பழக்கத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வெனிசில் தொழில் பயின்று பெயரெடுத்தவர், 1779இல் முதல் முறையாக ரோமுக்குப் போனார். 1781 முதல் அங்கேயே தங்கிவிட்டார்.

சிலைக்கு எடுத்துக்கொண்ட கதை கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றைய அல்ஜீரியாவில் அடங்கிய மதௌரா என்ற ஊரில் பிறந்த அப்பூலியஸ், லத்தீனில் எழுதிய 'பொன் கழுதை' என்ற நூலுக்குள் இதைச் சொல்லியிருக்கிறார். சைக்கி ஓர் அரசனின் மூன்றாவது மகள். அவள் அழகைப் பார்த்த மக்கள் வீனஸ் தேவியை வணங்குவதையே விட்டுவிட்டார்கள். சினம் கொண்ட வீனஸ், அவளை ஒரு கீழ்மகன்மீது ஆசைகொள்ளச் செய்துவிட்டு வா என்று தன் மகன் கியூபிட்டை அனுப்பினாள். அனுப்பப்பட்டவனோ அவள்மீதே காதல் கொண்டான். இரவில் மட்டும் வருவான். முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. தமக்கையர் பேச்சைக் கேட்டு ஒருநாள் இரவு விளக்கைத் தூக்கிப் பார்த்தாள் சைக்கி. சூடான எண்ணெய்த்துளி அவன் தோளில் விழுந்தது. விழித்தவன் பறந்து போய்விட்டான்.

அதன் பிறகு மாமியாரின் முறை. கலந்து கிடக்கும் தானியக் குவியலைப் பொழுது சாய்வதற்குள் தரம் பிரிக்கச் சொன்னாள் வீனஸ். எறும்புகள் வந்து உதவின. வெறிகொண்ட ஆடுகளின் பொன் கம்பளியைக் கொண்டுவரச் சொன்னாள்; நாணல் ஒன்று வழி சொன்னது. எட்ட முடியாத பாறையிலிருந்து வழியும் ஊற்றின் நீரைக் கேட்டாள். கழுகு மொண்டு தந்தது. கடைசியில், பாதாள லோகத்து அரசி புரோசர்பினாவிடம் போய்ச் சாடியில் கொஞ்சம் அழகை வாங்கி வா என்றாள். சைக்கி போனாள், வாங்கினாள், உயிரோடு திரும்பியும் வந்தாள். வரும் வழியில், கணவன் கண்ணுக்கு நான் நன்றாகத் தெரிய வேண்டாமா என்று சாடியின் மூடியைத் திறந்தாள். உள்ளே அழகு இல்லை. சாவை ஒத்த உறக்கம் இருந்தது. அது கவிந்து அவள் வழியிலேயே விழுந்தாள். காயம் ஆறிய கியூபிட், தான் அடைபட்டிருந்த அறையின் ஜன்னல் வழியே தப்பிப் பறந்து வந்து, உறக்கத்தை வழித்தெடுத்து மீண்டும் உள்ளே அடைத்து, அம்பு முனையால் தொட்டு அவளை எழுப்பினான். பின்னர் ஜூபிடர் அவளுக்கு அமரத்துவம் தந்து திருமணத்தை நடத்திவைத்தார்.

இந்த நீண்ட கதையில் சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் பிடித்த இடம் விளக்குக் காட்சிதான். கனோவா அதைத் தொடவில்லை. அவள் கண் திறக்கும் நொடியை எடுத்துக்கொண்டார். அவன் இப்போதுதான் தரை தொட்டிருக்கிறான். ஒரு முழங்கால் பாறைமீது. மறு கால் இன்னும் பின்னுக்கு நீண்டிருக்கிறது. சிறகுகள் மடங்கவில்லை. ஒரு கை அவள் தலையைத் தாங்க, இன்னொரு கை மார்பைச் சுற்றியிருக்கிறது. கிடந்தவள் இடுப்பிலிருந்து முறுகி எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கி அவன் தலையை வளைத்துக்கொள்கிறாள். அந்த நான்கு கைகளின் நடுவே இரண்டு முகங்கள். உதடுகள் இன்னும் தொடவில்லை. பெயரில் முத்தம் இருக்கிறது. சிலையில் முத்தத்துக்கு முந்தைய கணம்தான் இருக்கிறது. இந்த ஒரு தேர்வுக்காகவே கனோவாவை நான் பெரிய கலைஞர் என்பேன். முடிந்துபோன முத்தத்தைக் கல்லில் வைத்தால் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றுமிருக்காது.

அந்தக் கை வளையம் கனோவாவின் சொந்தக் கற்பனை அல்ல. அதற்குப் பல நூற்றாண்டு மூப்பு உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெய், ஹெர்குலேனியம் ஊர்களை மூடியது. ஹெர்குலேனியத்தில் முறையான அகழாய்வு 1738இல் தொடங்கியது. அங்கே கிடைத்த சுவரோவியங்களை அச்சடித்த பெரும் நூல் வரிசையின் முதல் தொகுதி கனோவா பிறந்த அதே 1757இல் வெளிவந்தது. அந்த ஓவியங்களில் ஒன்றில், சாய்ந்து கிடக்கும் பெண்ணொருத்தி தன்மேல் குனியும் காட்டுத்தேவனின் தலையைக் கைகளால் வளைக்கிறாள். வீட்டுச் சுவரில் வரைந்த சிறு படம். வரைந்தவன் பெயர் எரிமலைச் சேற்றோடு போயிற்று. நேப்பிள்ஸ் பயணங்களில் இந்த ஓவியங்களைப் பார்த்த கனோவா, காமக் களியாட்டமாக அங்கே இருந்த அசைவை, இறந்தவளாய்க் கிடந்தவள் வாழ்வைப் பற்றிக்கொள்ளும் அசைவாக மாற்றினார். சுவரில் தட்டையாக இருந்ததை நாற்புறமும் பார்க்கும்படி காற்றில் நிறுத்தினார். சிலையின் பயணம் லூவ்ரில் முடிகிறது என்றால், தொடங்கியது அந்தச் சுவரில்தான்.

ரோமில் கனோவாவின் பட்டறை நடந்த விதம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. முதலில் களிமண்ணில் கையளவுச் சிறு உருவங்கள். விரல் பதிந்த தடம்கூட மாறாமல் அவற்றில் சில எஞ்சியிருக்கின்றன. வெனிஸ் கொரேர் அருங்காட்சியகத்தில் இந்தக் காதலர் இருவரின் களிமண் உருவம் ஒன்று உண்டு. மனசுக்குப் பிடித்த நிலை கிடைத்ததும், இரும்புச் சட்டத்தின்மேல் முழு அளவில் களிமண்ணால் ஆக்குவார். அதிலிருந்து அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள். முந்தைய சிற்பிகள் பலரும் சிறு மாதிரியை வைத்துக்கொண்டு கல்லில் பெரிதாக்கி வெட்டினார்கள். பெரிதாக்கும்போது பிழை நுழையும். கனோவா தொடக்கத்திலேயே முழு அளவுக்கு வந்துவிட்டார். பிளாஸ்டர் உருவத்தின் மூக்கு நுனி, தோள், முழங்கால் என்று முக்கியமான இடங்களிலெல்லாம் சிறு உலோக ஆணிகளை அடிப்பார்கள். சட்டத்திலிருந்து தூக்குநூல் தொங்கவிட்டு, கவராயத்தால் ஒவ்வோர் ஆணியின் ஆழத்தையும் அளந்து, அதே ஆழத்துக்குச் சலவைக்கல்லில் துளையிடுவார்கள். துளைகளுக்கு இடைப்பட்ட கல்லை உதவியாளர்கள் உளியால் அகற்றிக்கொண்டே வருவார்கள்.

அப்படியானால் கனோவா செய்தது என்ன என்று அவர் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. தோலுக்கு மேல் ஒரு மெல்லிய படலம் மீதமிருக்கும் நிலையில் உதவியாளர்கள் விலகிக்கொள்வார்கள். அந்தக் கடைசிப் படலம் முழுக்க அவர் கைக்கு உரியது. இரவில் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, பகல் வெளிச்சம் மறைக்கும் மேடுபள்ளங்களைக் கண்டுபிடித்து அரத்தால் தேய்ப்பார். பிறகு நுரைக்கல். அதன் பிறகு மெழுகும், சாணைக்கல் கழுவிய மங்கலான தண்ணீரும் பூசிச் சலவைக்கல்லின் பச்சை வெண்மையைக் கொஞ்சம் தணிப்பார். உயிருள்ள தோலின் நிறத்துக்கு அருகில் கல்லைக் கொண்டுபோக அவர் செய்த முயற்சி அது. வேலை நடக்கும்போது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை யாராவது உரக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள். பிற்காலத்தில் தாயின் மறுமணத்தில் பிறந்த தம்பி ஜொவான்னி பத்திஸ்தா சார்தோரி அந்தப் பணியைச் செய்தார்.

சைக்கி சிலையில் இந்த உழைப்பின் பலனை மூன்று இடங்களில் பார்க்கலாம். பாறை உளித்தடம் மாறாமல் கரடுமுரடாக விடப்பட்டிருக்கிறது. அதை ஒட்டிப் படிந்திருக்கும் தொடை கண்ணாடியாய் வழுவழுக்கிறது. இடுப்பில் நழுவும் துணி, தோல் போலவும் இல்லாமல் பாறை போலவும் இல்லாமல் மூன்றாவதொரு தன்மையில் கிடக்கிறது. சிறகுகளை எவ்வளவு மெல்லியதாகச் செதுக்கியிருக்கிறார் என்றால், பின்னாலிருந்து வெயில் விழும்போது அவற்றினூடே வெளிச்சம் கசிகிறது. பின்புறம் போனால் அவனுடைய அம்பறாத்தூணியையும், அவள் பக்கத்தில் பாதாளத்திலிருந்து கொண்டுவந்த சாடியையும் காணலாம். கதையின் காரணப் பொருட்களை முன்னால் வைக்காமல், சுற்றி வந்து கண்டுபிடிப்பவருக்காக வைத்திருக்கிறார்.

சுற்றி வர முடியாதவருக்கும் ஒரு வழி செய்திருந்தார். சைக்கியின் பாதத்தருகே ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடித்துப் பீடத்தின்மீது சிலையையே திருப்பலாம்! அந்நாளில் விருந்தினர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்க, வேலையாள் சிலையை மெல்லச் சுழற்றுவது வழக்கமாக இருந்தது. இதைக் கண்டு எரிச்சலடைந்தவரும் உண்டு. கார்ல் லுட்விக் ஃபெர்னோ என்ற ஜெர்மானிய விமர்சகர் 1806இல் கனோவாவைப் பற்றி எழுதிய நூலில், இந்தச் சிலையைப் பார்க்க ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருக்கிறது, எங்கே நின்றாலும் இருவர் முகமும் ஒருசேரத் திருப்தியாகக் கிடைக்கவில்லை என்று குறை சொன்னார். அவர் பார்த்தது சரி, முடிவுதான் தவறு. ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடக்கூடிய சிலையாக இருந்திருந்தால், சுவரில் இருந்த ஓவியத்தை விட்டு அது வெளியே வந்திருக்கவே வேண்டாம்.

இது உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ரோமில் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனும் இருந்தார். 1787 முதல் 1794 வரை அங்கே தங்கிய அவருக்கு வேலை கிடைக்கக் கனோவா உதவியிருக்கிறார். அந்த ஃப்ளாக்ஸ்மன்தான் பின்னர் இரண்டாம் சரபோஜி மன்னரின் விருப்பப்படி, மரணப்படுக்கையில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரை மன்னர் வந்து காணும் சலவைக்கல் சிற்பத்தைச் செய்தார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்தருகே ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது. ரோமில் கனோவாவின் தலைமுறை பழகிய உளிமொழி எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

சிலை முடிந்த 1793ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரான்ஸ் பிரிட்டன்மீது போர் தொடுத்தது. மத்தியதரைக் கடல் போர்க்களமாயிற்று. டன் கணக்கில் கனக்கும், விரல் தடிமன் சிறகு கொண்ட சிலையை அந்த நேரத்தில் கப்பலேற்றி வேல்ஸ் கரைக்கு அனுப்பச் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். கேம்ப்பெல் கனோவாவிடம் கேட்டிருந்த இன்னொரு சிலை, அமோரினோ என்னும் இளங்காதல்தேவன், இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இன்று அது கேம்பிரிட்ஜ்ஷரில் ஆங்கில்சி அபி மாளிகையில் இருக்கிறது. காதலர் இருவர் மட்டும் ரோமிலேயே தங்கிவிட்டார்கள்.

1796இல் கேம்ப்பெல் பிரபுப் பட்டம் பெற்றுக் கோடர் பிரபு ஆனார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சுமார் 1,400 பிரெஞ்சுப் படையினர் வேல்ஸின் ஃபிஷ்கார்டு அருகே கரையிறங்கினார்கள். பிரிட்டிஷ் மண்ணில் அந்நியப் படை இறங்கிய கடைசி நிகழ்ச்சி அது. உள்ளூர்ப் படைகளைத் திரட்டிக்கொண்டு போய் எதிர்த்து, 24ஆம் தேதி அவர்களைச் சரணடைய வைத்தவர் இந்தக் கோடர் பிரபுதான். தன் கரையில் பிரெஞ்சுக்காரரை வென்றவர், தான் கேட்ட சிலையைப் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் இழந்தார்.

அந்த ஒருவர் ஜோவாக்கிம் முரா. விடுதி நடத்தியவரின் மகன். குதிரைப்படையில் சேர்ந்து தளபதியாக உயர்ந்தவர். 1800இல் நெப்போலியனின் தங்கை கரோலினை மணந்தவர். அதற்குள் இத்தாலியின் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1797 தொலந்தினோ உடன்படிக்கையின்படி போப்பாண்டவர் தம் ஆட்சிப்பகுதியின் தலைசிறந்த நூறு கலைப்பொருட்களைப் பிரான்சுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1798இல் பிரெஞ்சுப் படை ரோமுக்குள்ளேயே நுழைந்தது. கனோவா பட்டறையை விட்டு அந்த ஆண்டு பொசாஞ்ஞோவுக்குப் போய்விட்டார். பிறகு இத்தாலியில் படை நடத்திய முராவின் உடைமையானது கேம்ப்பெலுக்காகச் செய்த சிலை. ஆனால் இது கொள்ளை அல்ல, விலைக்கு வாங்கியது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

பாரிசை ஒட்டிய நெயியில் முராவுக்கு இருந்த வில்லியே மாளிகையில் சிலை குடியேறியது. அதே காதலர் நின்றபடி ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கனோவாவின் இன்னொரு சிலையும் அங்கே வந்தது. அந்த வாழ்வும் நீளவில்லை. 1808இல் நெப்போலியன் முராவை நேப்பிள்ஸின் அரசராக்கினார். அதற்கு ஈடாக, பிரான்சில் இருந்த முராவின் சொத்துகளெல்லாம் பேரரசரிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று பிரான்ஸ் குடியரசுத் தலைவர் வசிக்கும் எலிசே மாளிகையும் அதில் அடக்கம். சிலை எந்த நகரத்துப் பயணத்தில் கருக்கொண்டதோ அந்த நகரத்துக்கு அரசராகப் போன முரா, சிலையைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். 1815 அக்டோபர் 13ஆம் தேதி கலாப்ரியாவின் பித்சோ என்ற சிற்றூரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கனோவா இறந்ததும் ஓர் அக்டோபர் 13ஆம் தேதிதான், ஏழு ஆண்டுகள் கழித்து.

முரா சுடப்பட்ட அதே 1815இன் பிற்பகுதியில் கனோவா பாரிசில் இருந்தார். நெப்போலியன் வீழ்ந்தபின், கொண்டுபோகப்பட்ட கலைச்செல்வங்களை மீட்டுவர ஏழாம் பயஸ் போப்பாண்டவர் அவரைத்தான் தூதராக அனுப்பினார். பிரெஞ்சு அதிகாரிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிட்டிஷ், ஆஸ்திரிய ஆதரவோடு மல்லுக்கட்டி, லாவோக்கூன், பெல்வெடேர் அப்பல்லோ உட்படப் பெரும்பகுதியைப் பெட்டிகட்டி ரோமுக்கு அனுப்பினார். அவர் தன் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். சிலை செய்ததற்குக் குறைந்ததல்ல இது. மற்றவர்களின் படைப்புகளை மீட்டுக்கொண்டு போனவர், தன் கையால் செய்த காதலரை அங்கேயே விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அது பறிக்கப்பட்டதல்ல, விற்கப்பட்டது. உரிமை எங்கே முடிகிறது என்பதைச் சரியாக அறிந்திருந்தார் என்பதே அவருக்குப் பெருமை.

போர் இன்னொரு கைமாற்றத்தையும் செய்தது. நெப்போலியனை ரோமானியப் போர்த்தேவன் மார்ஸாக, ஆடையின்றி, மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் கனோவா செதுக்கியிருந்தார். பேரரசருக்கே அது பிடிக்கவில்லை. 1816இல் பிரிட்டிஷ் அரசு அதை விலைக்கு வாங்கி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டனுக்குப் பரிசாகத் தந்தது. லண்டன் ஆப்ஸ்லி மாளிகையின் மாடிப்படியடியில் இன்றும் நிற்கிறது. பிரிட்டிஷ்காரர் கேட்டது பிரான்சில். பிரான்சின் பேரரசர் கேட்டது பிரிட்டனில்.

பிரான்சில் பூர்போன் அரசர்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் 1824இல் கியூபிட்டும் சைக்கியும் லூவ்ருக்குள் வந்தார்கள். அத்தோடு கேம்ப்பெல் கேட்ட கல்லின் அலைச்சல் தீர்ந்தது.

உருவத்தின் அலைச்சல் தீரவில்லை. ரஷ்ய இளவரசர் நிக்கோலாய் யுசுபோவ், பேரரசி கேத்தரினின் தூதராக இத்தாலியில் இருந்தவர், கலைப்பொருள் சேர்ப்பதில் பெரும் வேட்கை கொண்டவர், தனக்கும் இதே காதலர் வேண்டுமென்று கேட்டார். கனோவா சிற்சில மாற்றங்களோடு 1796இல் இரண்டாம் சலவைக்கல் சிலையை முடித்தார். அது ரஷ்யா போனது. யுசுபோவ் குடும்பம் நூறாண்டுக்கு மேல் அதை வைத்திருந்தது. குடும்பத்தின் கடைசி வாரிசு ஃபெலிக்ஸ்தான் 1916 டிசம்பரில் ரஸ்புதினைத் தன் மாளிகையில் கொன்றவர்களில் முதன்மையானவர். அடுத்த ஆண்டு புரட்சி வந்தது, சொத்துகள் அரசுடைமையாயின. 1926இல் சிலை ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைசியில் அவர் வீட்டில் இல்லை.

என்னை இவ்விரண்டு சலவைக்கற்களையும்விட அதிகம் ஈர்ப்பது, இடையிலிருந்த பிளாஸ்டரின் கதை. யுசுபோவ் சிலைக்காக வார்த்த பிளாஸ்டர் உருவத்தைக் கனோவா தன் மாணவர் அதாமோ தடோலினியிடம் கொடுத்தார். விரும்பும் அளவுக்கு இதிலிருந்து படி எடுத்துக்கொள் என்று அனுமதியும் தந்தார். பெயரின் உச்சியிலிருந்த ஒரு சிற்பி, தன் மிகப் புகழ்பெற்ற வடிவத்தை வாழ்வாதாரமாக மாணவருக்கு எழுதிக்கொடுத்தது போன்றது அது. 1818இல் ரோமின் பாபுயினோ தெருவில் அந்த மாணவருக்கென ஒரு பட்டறைக்கும் ஏற்பாடு செய்தார். தடோலினி குடும்பத்தின் நான்கு தலைமுறைகள் அங்கே கல் வெட்டின. இப்போது அந்த இடம் பிளாஸ்டர் சிலைகள் நெருக்கி நிற்கும் உணவகம். குளம்பி குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்க்கலாம்.

தடோலினி எடுத்த சலவைக்கல் படிகளில் ஒன்று, கோமோ ஏரிக்கரையில் டிரெமெட்சோ ஊரில் ஜம்பத்திஸ்தா சொம்மரிவா என்ற செல்வந்தரின் மாளிகைக்குப் போனது. இன்று அது வில்லா கார்லோத்தா. 1845இல் இருபத்துமூன்று வயது பிரெஞ்சு இளைஞர் ஒருவர், தங்கையின் தேனிலவுப் பயணத்தில் குடும்பத்தோடு சேர்ந்து வந்தவர், அங்கே இந்தச் சிலையைக் கண்டார். மற்ற எதையும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப வந்து நின்றார். கடைசி முறை, கைகளை நீட்டி எழும் சைக்கியின் அக்குளில் முத்தமிட்டார். தன் பயணக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். அவர் பெயர் குஸ்தாவ் ஃப்ளோபேர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய நாவல் 'மதாம் பொவாரி' நூலாக வெளிவந்தது. தான் முத்தமிட்டது கனோவாவின் சிலையை என்றே அவர் நினைத்திருந்தார். அது தடோலினியின் படி. சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஹெர்குலேனியத்துச் சுவரிலிருந்து களிமண்ணுக்கும், களிமண்ணிலிருந்து பிளாஸ்டருக்கும், அதிலிருந்து பல கற்களுக்கும் தாவி வந்த அந்தக் கை வளையம், ஆறாவது ஏழாவது உடலில்கூட ஒரு பெரும் எழுத்தாளனை நிலைகுலையச் செய்யும் வலுவோடு இருந்திருக்கிறது. கனோவா மாணவருக்குக் கொடுத்தது வெறும் அச்சை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிளாஸ்டர் தாய் உருவம் தடோலினி வீட்டிலேயே பல்லாண்டு இருந்து, பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தது. 1905இல் இசிடோர் ஸ்ட்ராஸின் கொடையாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மேசிஸ் பல்பொருள் அங்காடியின் உரிமையாளர்களில் ஒருவர் அவர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1912 ஏப்ரலில், மனைவி ஐடாவோடு டைட்டானிக் கப்பலில் இருந்தார். பெண்களும் குழந்தைகளும் முதலில் என்றபோது, கணவரை விட்டு வர மாட்டேன் என்று ஐடா உயிர்ப்படகில் ஏற மறுத்தார். முதியவர் என்பதால் தனக்குத் தந்த இடத்தை, மற்ற ஆண்களுக்கு முன்னால் தான் ஏறுவதில்லை என்று ஸ்ட்ராஸும் மறுத்தார். இருவரும் கப்பலோடு மூழ்கினார்கள். சைக்கி, கியூபிட் கதையைத் தன் நகரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

கனோவாவின் பட்டறையில் மீந்த மற்ற பிளாஸ்டர்களைத் தம்பி சார்தோரி பொசாஞ்ஞோவுக்குக் கொண்டுபோய், அவற்றுக்கென்றே ஒரு கூடம் கட்டினார். அவை அங்கே அமைதியாக இருந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் கிராப்பா மலைப் போர்முனை அருகிலேயே அமைந்துவிட, 1917 டிசம்பரில் கூடத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. பல உருவங்கள் கையும் தலையும் இழந்தன. பொறுமையாகச் சேர்த்து ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சலவைக்கல் மன்னர்களின் கையில் பட்ட பாட்டைவிட, பிளாஸ்டர் பட்ட பாடு அதிகம்.

லூவ்ருக்குப் போகிறவர்கள் டெனோன் பகுதி மாடியில் மோனாலிசாவின் முன்னால் முட்டிமோதிவிட்டுக் கால் சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். அதே பகுதியின் தரைத்தளத்தில், மைக்கலாஞ்சலோவின் பெயர் கொண்ட கூடத்தில், அவருடைய அடிமைச் சிலைகள் இரண்டோடு இந்தக் காதலரும் இருக்கிறார்கள். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கைப்பிடியைத் திருப்ப இப்போது ஆள் கிடையாது. ஆகவே நீங்கள்தான் சுற்றி வர வேண்டும். சாடி இருக்கும் பக்கமும் போய்ப் பாருங்கள். நியூயார்க் போக வாய்ப்பிருப்பவர்கள் மெட்ரோபாலிட்டனில் பிளாஸ்டர் உருவத்தையும் விட்டுவிட வேண்டாம். சலவைக்கல்லில் தேய்த்து மறைக்கப்பட்ட வேலையின் தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன.